சேவல் ராத்திரியில் கொர்கொர்னு இழுக்குது, என்ன செய்ய?

ஏற்காட்டுக்குக் குடிவந்ததிலிருந்து சேவல் இழுக்கிறது, கூவினால் குரல் உடைகிறது என்கிறீர்கள். அடைந்தபின் அதன் முதுகில் காதை வைத்துக் கேளுங்கள். ஈரமான கொர்கொர், கண்ணோரம் சோப்பு நுரை மாதிரி இருந்தால் பெரும்பாலும் மைக்கோபிளாஸ்மா என்ற கிருமியால் வரும் சளி. முகம் வீங்கி, மூக்கொழுக்கு நாறினால் கொரைசா என்ற இன்னொரு சளி நோய். இரண்டுக்கும் கால்நடை மருத்துவர் தரும் ஆன்டிபயாடிக்கை அவர் சொன்ன நாள் வரை விடாமல் கொடுங்கள். சேவல் தேறிய பிறகும் மைக்கோபிளாஸ்மா அதன் உடம்பிலேயே தங்கும். குளிர் வந்தால் திரும்பும்.

பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து கழுத்து திருகினால் வெள்ளைக்கழிச்சல். அதற்கு மருந்தில்லை, முன்கூட்டியே போடும் தடுப்பூசிதான்.

பனிக்குப் பயந்து கூண்டைத் தார்ப்பாயால் இறுக்கி மூடியிருப்பீர்களே? அதுதான் வினை. சேவல் உயரத்துக்குக் குனிந்து மோந்து பாருங்கள். எச்சத்தின் அமோனியா உங்கள் கண்ணைக் கரித்தால் அதன் மூச்சுக்குழல் என்னாகும்? மேலே காற்றுப் போக இடம் விடுங்கள், ஈர உமியை மாற்றுங்கள், சேவலை மற்ற கோழிகளிடமிருந்து பிரித்து வையுங்கள்.

தூதுவளை, கற்பூரவல்லி கொடுங்கள், தப்பில்லை. ஆனால் சாற்றை வாயில் ஊற்றாதீர்கள், புரையேறும். நெஞ்சை இறுக்கிப் பிடிக்கவும் கூடாது. நமக்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருந்து மூச்சிழுக்கும் உதரவிதானத் தசை கோழிக்குக் கிடையாது, நெஞ்சு அசைந்தால்தான் மூச்சு. வாயைப் பிளந்து, கொண்டை நீலமானால் விடியக் காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவரிடம் போங்கள்.