புள்ளி1, புள்ளி2 என்று 40 மாறிகள் எழுதினால் என்ன பிழை?

வகுப்பில் 40 பிள்ளைகள். அவர்களின் பரீட்சைப் புள்ளிகளைக் கூட்ட வேண்டும். புள்ளி1 முதல் புள்ளி40 வரை மாறிகள் (ஒரு மதிப்பைப் போட்டு வைக்கும் பெயரிட்ட இடங்கள்) வைத்தாலும் புரோகிராம் ஓடும். ஆனால் புள்ளி7 என்பதில் உள்ள 7 நமக்குத்தான் எண். கணினிக்கு அது பெயரின் கடைசி எழுத்து, அவ்வளவுதான். 'அடுத்ததை எடு' என்று சொல்ல வழியில்லை.

அணி என்பது ஒரே பெயரில் வரிசையாக நிற்கும் பல இடங்கள். புள்ளி[7] என்றால் 7 உண்மையான எண். அங்கே ஒரு மாறியைப் போட்டு, லூப்பில் (ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் முறை) ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போகலாம்.

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியை நினையுங்கள். வீடுகளுக்கு வெறும் பெயர்தான் என்றால், தண்ணீர் பில் கொடுக்க வருபவருக்கு முழுப் பட்டியலும் வேண்டும். இலக்கம் இருந்தால் 'வரிசையாகக் கொடுத்துக்கொண்டு போ' போதும். அப்புறம், அங்கே முதலாம் மாடிக்குக் கீழே தரைத்தளம் இருக்கிறதல்லவா? பெரும்பாலான மொழிகளில் அணியும் அப்படி 0-இல்தான் தொடங்கும். தொடக்கத்திலிருந்து எத்தனை இடம் தள்ளி என்பதே அந்த எண். ஒவ்வொரு இடமும் 4 பைட் (நினைவகத்தை அளக்கும் அலகு) என்றால் புள்ளி[7] இருப்பது 28 பைட் தள்ளி. ஆகவே 40 பேரில் கடைசி ஆள் 39. நானும் இதில் பலமுறை வழுக்கியிருக்கிறேன்.

லூப் போட்டால் கணினிக்கு வேலை குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அது அதே 40 கூட்டலையும் செய்கிறது, குறைவது நாம் தட்டும் வரிகள்தான்.