மாடு முட்டிய வழக்குக்கு வேதத்தில் என்ன வேலை?

கேள்வி: பைபிளில் யாத்திராகமம் படித்துக்கொண்டு வந்தேன். சீனாய் மலை, இடி மின்னல், பத்துக் கட்டளைகள் என்று உடல் சிலிர்த்தது. அடுத்த அதிகாரத்தைத் திருப்பினால் மாடு முட்டினால் என்ன செய்வது, குழியில் கழுதை விழுந்தால் யார் பணம் கட்டுவது, 'கண்ணுக்குக் கண்' என்று போகிறது. ஆன்மிகம் எங்கே போயிற்று? இந்தப் பழிவாங்கும் சட்டத்தை யூதர்கள் இன்னுமா போற்றுகிறார்கள்? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: ஆன்மிகம் எங்கும் போகவில்லை. நீங்கள்தான் 20-ம் அதிகாரத்தோடு எழுந்துவிட்டீர்கள்.

யூதர்களால் அப்படி எழுந்துவிட முடியாது. பைபிளின் முதல் ஐந்து ஆகமங்களான தோராவை வாரத்துக்கு ஒரு பகுதியாக ஜெப ஆலயத்தில் வாசித்து, ஆண்டுக்கு ஒரு முறை முடிப்பது அவர்கள் வழக்கம். ஒரு வாரம் சீனாய் மலையின் இடிமுழக்கம் என்றால் மறு வாரம் மாடும் குழியும். அந்தப் பகுதிக்கு 'மிஷ்பாத்தீம்' என்று பெயர், நியாயத் தீர்ப்புகள் என்று பொருள். அது எபிரேயத்தில் 'இவை' என்று தொடங்கவில்லை, 'இவையும்' என்று தொடங்குகிறது. 11-ம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த உரையாசிரியர் ராஷி அந்த 'உம்'மைப் பிடித்துக்கொண்டார். முன்னால் சொன்னவை சீனாயில் வந்தவை, இவையும் சீனாயில் வந்தவையே என்று பழைய விளக்கத்தை எடுத்து எழுதினார். 'கொலை செய்யாதே' எங்கிருந்து வந்ததோ, அங்கிருந்துதான் 'தோண்டிய குழியை மூடாதவன் பணம் கட்டு' என்பதும் வந்தது.

சரி, கண்ணுக்குக் கண். ஒருவன் கண்ணைக் கெடுத்தவனுடைய கண்ணைப் பிடுங்கு என்று யூத மரபு இதைப் புரிந்துகொள்ளவில்லை. ரபிகள் எனப்படும் யூத குருமார்களின் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூதில், 'பாவா காமா' என்ற பகுதியில் இதைப் பற்றிப் பக்கம் பக்கமாக வாதம் நடக்கிறது. கண் தெரியாத ஒருவன் இன்னொருவன் கண்ணைக் கெடுத்தால் அவனிடமிருந்து எதை எடுப்பது என்று ஒருவர் கேட்கிறார். கண்ணை எடுக்கும்போது உயிரும் போய்விட்டால், கண்ணுக்குக் கண்ணும் உயிருமாக ஆகிவிடாதா என்று இன்னொரு வாதம். எழுத்தில் உள்ளபடி கண்ணேதான் என்று ரபி எலியேசர் சொன்னதையும் அவர்கள் மறைக்காமல் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் நிலைத்த தீர்ப்பு, பணமாக ஈடு கட்டவேண்டும் என்பதுதான்.

அந்த ஈட்டைக் கணக்கிட்ட விதத்தைப் பாருங்கள். ஏறத்தாழ கி.பி. 200-ல் தொகுக்கப்பட்ட யூத வாய்மொழிச் சட்ட நூலான மிஷ்னா, அடித்தவன் ஐந்து வகையில் கடன்பட்டவன் என்கிறது. உடலுக்கு ஏற்பட்ட நஷ்டம், வலி, வைத்தியச் செலவு, படுத்துக் கிடந்த நாட்களின் வருமானம், அப்புறம் அவமானம். நாலு பேர் முன்னால் கன்னத்தில் வாங்கியவனுக்குக் காயத்துக்குத் தனி, கூச்சத்துக்குத் தனி. அதோடு விடவில்லை. ஐந்தையும் கட்டிய பிறகும், அடிபட்டவனிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்கும்வரை அவனுக்கு மன்னிப்பில்லை என்று அதே அதிகாரம் சொல்கிறது. இதைப் பழிவாங்கல் என்று எந்த வாயால் சொல்வீர்கள்?

ஒன்றை மட்டும் நான் பூசி மெழுக மாட்டேன். அதே 21-ம் அதிகாரத்தில் அடிமைச் சட்டம் இருக்கிறது. எஜமான் அடித்து, அடிமை ஓரிரு நாள் உயிரோடு இருந்துவிட்டு இறந்தால் தண்டனையில்லை, ஏனென்றால் அவன் எஜமானுடைய பணம் என்கிறது வசனம். அடிமையின் ஒரு பல்லை உடைத்தாலும் அவனை விடுதலை செய்துவிடவேண்டும் என்று சில வரிகள் தள்ளியே இருந்தாலும், இந்த வசனத்தின் கொடுமை அதனால் குறைந்துவிடாது. நான் மேலே புகழ்ந்த ஐந்து வகை ஈட்டில்கூட, உடல் நஷ்டத்தை மதிப்பிட மிஷ்னா அடிமைச் சந்தை விலையைத்தான் அளவுகோலாக எடுத்துக்கொள்கிறது. இந்த நூலை மதிப்பவர்கள் இதையும் சேர்த்துத்தான் படிக்கவேண்டும்.

மாடும் குழியும் அற்பம் என்கிறீர்கள். பக்திமான் ஆக விரும்புகிறவன் நஷ்டஈட்டுச் சட்டங்களைக் கவனமாகக் கடைப்பிடிக்கட்டும் என்று தல்மூதில் ரவ் யூதா என்ற அறிஞர் சொல்கிறார். பக்திக்கு வழி கேட்டவனிடம், உன்னால் அடுத்தவனுக்குக் காயம் படாமல் பார்த்துக்கொள் என்கிறார்! அந்தக் காலத்து பக்திமான்கள் முள்ளையும் உடைந்த கண்ணாடியையும் தங்கள் வயலிலேயே, ஏர் முனையில் சிக்காத ஆழத்தில் புதைப்பார்களாம். இன்னொரு கதையும் அதே பகுதியில் வருகிறது. ஒருவன் தன் நிலத்துக் கற்களைப் பொறுக்கிப் பொதுவழியில் போட்டுக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் வந்த ஒரு பக்திமான், "உனக்குச் சொந்தமில்லாத இடத்திலிருந்து உனக்குச் சொந்தமான இடத்தில் ஏனப்பா கல்லைப் போடுகிறாய்?" என்று கேட்டார். அவன் சிரித்தான். பிற்பாடு நிலத்தை விற்கும்படி ஆயிற்று. ஒருநாள் அந்த வழியே நடந்தவன், தான் போட்ட கல்லிலேயே இடறி விழுந்தான். தெரு தன்னுடையது, நிலம்தான் கைமாறிப் போவது என்று அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. குப்பையை மதிலுக்கு அந்தப் பக்கம் வீசும் ஒவ்வொருவரிடமும் இந்தக் கதையைச் சொல்ல எனக்கு ஆசை.

ஆன்மிகம் எங்கே என்று கேட்டீர்கள் அல்லவா? 22-ம் அதிகாரத்துக்குப் போங்கள். ஏழையின் போர்வையை அடகாக வாங்கினால் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுத்துவிடு என்று கட்டளை. அவனுக்கு இருப்பது அது ஒன்றுதானே, வேறு எதைப் போர்த்திக்கொண்டு படுப்பான் என்று சட்டமே கேட்கிறது. ஒரு சட்டப் புத்தகம், கடன்காரன் ராத்திரி குளிரில் எப்படித் தூங்குவான் என்று கவலைப்படுகிறது. இந்த வரியில் எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் நின்றுவிடுகிறது.

அந்தக் கவலை பல நூற்றாண்டு கழித்துப் பாபிலோனில் எப்படி வேலை செய்தது என்பதையும் கேளுங்கள். ஓர் அறிஞரின் திராட்சரசப் பீப்பாயைச் சுமைதூக்கிகள் உடைத்துவிட்டார்கள். நஷ்டத்துக்கு ஈடாக அவர் அவர்களின் மேலாடைகளைப் பிடுங்கிக்கொண்டார். அவர்கள் ரவ் என்ற பெரிய ரபியிடம் முறையிட்டார்கள். "ஆடைகளைத் திருப்பிக் கொடு" என்றார் ரவ். "இதுவா சட்டம்?" என்று கேட்டார் அறிஞர். "ஆமாம், நல்லவர்களின் வழியில் நட என்று நீதிமொழிகளில் இருக்கிறதே" என்றார். ஆடை திரும்பி வந்தது. அப்புறமும் அவர்கள் போகவில்லை. "நாங்கள் ஏழைகள், நாள் முழுக்க உழைத்தோம், பசிக்கிறது, கையில் ஒன்றுமில்லை" என்றார்கள். "போய் அவர்கள் கூலியைக் கொடு" என்றார் ரவ். பீப்பாயை இழந்தவர் மறுபடியும் கேட்டார், "இதுவா சட்டம்?" ரவ் இரண்டாம் முறையும் ஆமாம் என்றார். அதே வசனத்தின் பின்பாதியைச் சொன்னார்: நீதிமான்களின் பாதைகளைக் காத்துக்கொள்.

22-ம் அதிகாரம், 26, 27 வசனங்கள். அங்கிருந்து மறுபடி படிக்கத் தொடங்குங்கள். மாட்டிடம் பிறகு வரலாம்.