காலையில் அடிக்க மறுக்கும் எயார் ஹமர்

வணக்கம் ஐயா,

கல்முனையில் எங்கள் கராஜுக்கு உழவு மெசின், ட்ரெய்லர், அறுவடை மெசின் வேலைகள்தான் கூடுதலாக வரும். புஷ் (தண்டு சுழலும் உலோக வளையம்) கழற்றவும் துருப்பிடித்த ரிவிட் வெட்டவும், காற்றழுத்தத்தில் உளியை அடிக்கும் எயார் ஹமர் ஒன்று வாங்கினோம். காலையில் விசையை அழுத்தினால் காற்று மட்டும் சீறும், அடிக்காது. மரக்கட்டையால் இரண்டு தட்டுத் தட்டினால் அடிக்கத் தொடங்கும். பிறகு ஒரு நிமிடம் நன்றாக அடித்துவிட்டுச் சோர்ந்துபோகும். கொம்பிரசர் 2 குதிரைவலு, 50 லீற்றர் டாங்க். கால் அங்குல ஹோஸ், 50 அடி. எஞ்சின் ஒயில் தவறாமல் விடுகிறோம். ரெகுலேற்றரை 90 பிஎஸ்ஐயிலிருந்து 110க்குக் கூட்டியும் பார்த்தோம். பிஸ்டனை எமரித்தாளால் தேய்த்தால் சரிவருமா?

வாசகர், கல்முனை

அன்புள்ள நண்பருக்கு,

எமரித்தாளை முதலில் எடுத்து வையுங்கள். நீங்கள் எழுதியிருப்பவை இரண்டு வெவ்வேறு கோளாறுகள். இரண்டுமே ஹமருக்கு வெளியில் தொடங்குபவை.

காலைப் பிரச்சினை தண்ணீரால் வருவது. 30 பாகை வெப்பத்தில் 80 சதவீத ஈரப்பதன் உள்ள ஒரு கனமீற்றர் காற்றில் ஏறக்குறைய 24 கிராம் நீராவி இருக்கும். அதை 8 பார் (ஒரு பார் ஏறக்குறைய 14.5 பிஎஸ்ஐ) வரை அழுத்தி ஆறவிட்டால் 20 கிராமுக்கு மேல் தண்ணீராகப் பிரிந்துவிடும். நிமிடத்துக்கு 150 லீற்றர் உறிஞ்சும் கொம்பிரசர் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஒரு தேநீர்க் கோப்பை அளவு தண்ணீர். கடலுக்கும் வயலுக்கும் நடுவில் இருக்கிற ஊரில், அதுவும் மார்கழி மழையில், இது குறையப்போவதில்லை. அந்தத் தண்ணீரோடு நீங்கள் விடும் எஞ்சின் ஒயில் கலக்கிறது. எஞ்சின் ஒயிலில் அழுக்கைப் பிடித்துவைக்கும் மருந்துகள் இருப்பதால் தண்ணீரோடு சேர்ந்து பால்போலாகி, இரவில் பசையாக இறுகிவிடும். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடைவெளி மிக நுண்ணியது. இந்தப் பசையே அதை நிறுத்தப் போதும். காற்று சீறுகிறது, அடி இல்லை என்றால் பிஸ்டனோ அதற்குப் பின்னால் உள்ள வால்வோ ஒட்டியிருக்கிறது என்று பொருள். காற்றே வராவிட்டால்தான் விசை வால்வையும், நுழைவாயில் வலையையும் பார்க்க வேண்டும்.

கழற்றாமலே கழுவிப் பாருங்கள். ஹோஸைக் கழற்றி, நுழைவாயிலில் ஒரு தேக்கரண்டி மண்ணெண்ணெய் விட்டு, விசையை அழுத்தியபடி முன்னும் பின்னும் சாய்த்து, கால் மணித்தியாலம் ஊறவிடுங்கள். பிறகு உளியை மரக்கட்டையில் அழுத்தி, 40 பிஎஸ்ஐயில் சில விநாடிகள் ஓட்டுங்கள். வெளிவரும் துளிகள் தெளியும்வரை இரண்டு மூன்று தடவை செய்யலாம். திறந்த வெளியில், கண்ணாடி போட்டுக்கொண்டு, வெளியேறும் காற்று யார் மேலும் படாமல் செய்ய வேண்டும். காற்றோடு பறக்கும் மண்ணெண்ணெய்த் துளிகள் தீப்பிடிக்கும். பக்கத்தில் வெல்டிங்கோ கிரைண்டரோ ஓடக்கூடாது. முடிந்ததும் எயார் டூல் ஒயில் ஆறு துளி. அது கிடைக்காவிட்டால் தையல் மெசின் ஒயில் போதும். வேலை தொடங்கும்போது நாலைந்து துளி, முடிக்கும்போது நாலைந்து துளி விட்டு ஒருசில விநாடி ஓட்டுங்கள். முடிக்கும்போது விடுவதைத்தான் எல்லாரும் மறப்பது. இரவில் துருவைத் தடுப்பது அதுதான்.

ஒரு நிமிடத்தில் சோர்வது வெறும் கணக்கு. பெட்டியில் போட்டிருக்கும் காற்றுச் செலவு பெரும்பாலும் விட்டு விட்டு அடிக்கும்போதான சராசரி. விடாமல் அடித்தால் ஹமர் நிமிடத்துக்கு 250 லீற்றர் கேட்கிறது, கொம்பிரசர் 150 தருகிறது என்று வையுங்கள். 50 லீற்றர் டாங்க் 8 பாரிலிருந்து 6க்கு இறங்கும்போது தருவது 100 லீற்றர். சரியாக ஒரு நிமிடம்! பத்து விநாடி அடித்து நிறுத்துங்கள், அல்லது இன்னொரு டாங்க் சேருங்கள்.

அதோடு அந்தக் கால் அங்குல ஹோஸ். ஹமரின் வாயில் ஒரு T வடிவ இணைப்பும் அழுத்தம் காட்டும் கேஜும் போட்டு, அடித்துக்கொண்டிருக்கும்போது பாருங்கள். நிற்கும்போது 90 காட்டி, அடிக்கும்போது 60க்கு விழுந்தால் குற்றம் ஹோஸிலும் அதைப் பூட்டும் கப்ளரிலும். உள்விட்டம் எட்டில் மூன்று (3/8) அங்குல ஹோஸ், 25 அடிக்குள் போடுங்கள். ரெகுலேற்றரைக் கூட்டியது மருந்தல்ல. விசையை விட்டதும் ஹோஸில் முழு 110உம் ஏறி நிற்கும். அடுத்த முதல் அடிகள் அந்த அழுத்தத்தில் விழும். உளியைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங்கும் சிலிண்டரின் முன்பக்கமும் உடைவது அதனால்தான். உளியை வேலையில் அழுத்தாமல் வெறுமனே அடிக்கவிட்டாலும் இதே சேதம். கப்ளரை ஹமரில் நேராகப் பூட்டாமல் ஒன்றரை அடிக் குட்டி ஹோஸுக்குப் பின்னால் பூட்டுங்கள். அதிர்வில் கப்ளர் தேயாது.

இவ்வளவும் செய்து ஒட்டல் போகாவிட்டால் கழற்றலாம். சிலிண்டரை வைஸில் நெரிக்காதீர்கள், நீள்வட்டமாகிவிடும். கைப்பிடியை மரத்துண்டு வைத்துப் பிடியுங்கள். வால்வுத் துண்டுகள் வந்த ஒழுங்கை ஃபோனில் படம் எடுங்கள், ஒன்று திரும்பிப் பூட்டப்பட்டாலும் அடிக்காது. துடைத்த பிஸ்டன் சிலிண்டருக்குள் தன் பாரத்திலேயே வழுக்கிப் போக வேண்டும். எங்காவது பிடித்தால் அந்தப் பிசிறை மட்டும் நுண்ணிய எண்ணெய்க் கல்லால் எடுங்கள். எமரியால் முழுவதும் தேய்த்தால் இடைவெளி கூடி, காற்று நழுவி, அடி நிரந்தரமாகக் குறைந்துவிடும். உளியின் தண்டையும் பாருங்கள்: பரவலான அளவு 10.2 மில்லிமீற்றர். பிஸ்டன் அடிக்கும் முனை பூப்போல விரிந்திருந்தால் பிஸ்டனைத் தின்னும், எறிந்துவிடுங்கள்.

கொம்பிரசர் டாங்கின் அடி வால்வை ஒவ்வொரு மாலையும் திறந்துவிடுங்கள். டாங்குக்கும் நீர்பிரிப்பானுக்கும் இடையில் ஏழெட்டு மீற்றர் இரும்புக் குழாய் ஓடினால் காற்று ஆறி, தண்ணீர் அங்கேயே விழும். பீவீசீக் குழாய் போட்டிருந்தால் இன்றே கழற்றுங்கள். அழுத்தக் காற்றில் அது வெடித்தால் துண்டுகள் கத்திபோல் பறக்கும். ஒயில் விடும் ஹோஸைப் பெயின்ற் அடிக்கும் வேலைக்குக் கொடுக்காதீர்கள், பெயின்ற் புள்ளி புள்ளியாக விலகும். உளி மாற்றும்போது ஹோஸைக் கழற்றிவிட்டே மாற்றுங்கள்.