இரண்டு மாத வாடகை பாக்கிக்காக வீட்டைப் பூட்ட உரிமையாளருக்கு அதிகாரம் உண்டா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் ஒரு மாடிப் போர்ஷனில் நான்கு ஆண்டுகளாக வாடகைக்கு இருக்கிறோம். மாத வாடகை 7,500 ரூபாய்; அட்வான்ஸ் 50,000 ரூபாய். என் கணவர் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் படகுகளுக்கு ஐஸ் ஏற்றும் கூலி வேலை செய்கிறார். மீன்பிடித் தடைக்காலத்தில் வேலை இல்லாமல் போனதால் மே, ஜூன் மாத வாடகையைக் கொடுக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் காலி செய்யாவிட்டால் பூட்டுப் போட்டுவிடுவேன் என்கிறார் வீட்டுக்காரர். மூன்று நாட்களாக மோட்டார் சுவிட்ச் இருக்கும் பெட்டியைப் பூட்டி வைத்திருப்பதால் மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை. பாக்கியை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொன்னோம், மறுத்துவிட்டார். எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் கிடையாது. வாடகையைக் கையில்தான் கொடுத்து வந்தோம்; அவர் ஒரு நோட்டில் தேதி எழுதிக் கையெழுத்துப் போடுவார். நாங்கள் என்ன செய்வது?

பதில்: ஞாயிற்றுக்கிழமை நீங்கள் காலி செய்யத் தேவையில்லை. குடியிருப்பவரை வெளியேற்றும் அதிகாரம் வாடகை நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு. வீட்டுக்காரர் தாமாகப் பூட்டுப் போடவோ, சாமான்களை வெளியே எடுத்து வைக்கவோ சட்டத்தில் இடமில்லை. அதே சமயம், இரண்டு மாத வாடகை பாக்கி என்பது வெளியேற்ற உத்தரவு கேட்பதற்குச் சட்டமே ஏற்றுக்கொண்ட காரணம் என்பதால், வீட்டுக்காரர் செய்தது தவறு என்ற ஒன்றையே நம்பி நீங்கள் இருந்துவிடக் கூடாது. அவருடைய மிரட்டலைத் தடுப்பதும், 15,000 ரூபாய் பாக்கியைச் சான்றுடன் அடைப்பதும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டிய வேலைகள்.

தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது நடைமுறையில் இல்லை. அதன் இடத்தில், வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. வெளியேற்றம் பற்றிய விதிகள் அதன் 21-ஆம் பிரிவில் உள்ளன. வாடகை பாக்கிக்காக ஒருவரை வெளியேற்ற வேண்டுமென்றால், இரண்டு மாத வாடகை நிலுவையில் இருக்க வேண்டும். அதைக் கேட்டு எழுத்து மூலமான நோட்டீஸ் முறைப்படி தரப்பட வேண்டும். அதன் பிறகும் தொகை வராவிட்டால் உரிமையாளர் வாடகை நீதிமன்றத்தில் மனு செய்ய வேண்டும். சென்னையில் அந்த மனுக்களை விசாரிப்பவை உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சிறு வழக்குகள் நீதிமன்றங்கள். உத்தரவு கிடைத்தாலும் அதை நிறைவேற்ற நீதிமன்றத்தின் உத்தரவை நிறைவேற்றும் ஊழியரான அமீனாதான் வருவாரே தவிர, வீட்டுக்காரரோ அவருடைய உறவினர்களோ வந்து நிற்க முடியாது. வாசலில் நின்று சத்தமாகச் சொல்வதும், வாட்ஸாப்பில் குரல் பதிவு அனுப்புவதும் அந்த நோட்டீஸுக்கு ஈடாகாது.

நோட்டீஸ் வந்துவிட்டதே என்று கலங்குபவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். உண்மையில் வாடகைதாரருக்குச் சட்டம் தரும் மிகப் பெரிய பாதுகாப்பு அந்த நோட்டீஸிலிருந்துதான் தொடங்குகிறது. அது கிடைத்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் பாக்கி முழுவதையும், வட்டி உண்டென்றால் அதையும் சேர்த்து, உரிமையாளரிடம் கொடுத்துவிட்டாலோ வாடகை நீதிமன்றத்தில் கட்டிவிட்டாலோ, அந்தப் பாக்கியைக் காரணம் காட்டி வெளியேற்ற உத்தரவு போடக் கூடாது என்பது 21-ஆம் பிரிவிலேயே உள்ளது. முழுவதையும் என்ற சொல்லைக் கவனியுங்கள். 15,000 ரூபாயில் பத்தாயிரம் கொடுத்தால் உங்கள் நல்லெண்ணம் தெரியும். ஆனால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. மீதி ஐயாயிரத்தை நகையை அடகு வைத்தோ, வேலை செய்யும் இடத்தில் முன்பணம் வாங்கியோ அந்த ஒரு மாதத்துக்குள் சேர்த்துவிடுவதுதான் பிற்பாடு நீதிமன்றத்துக்கு அலைவதைவிடச் செலவு குறைந்த வழி.

வக்கீல் நோட்டீஸ் என்று தெரிந்ததும் தபால்காரரிடம் ஆள் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. இது பெரும் கேடு. சரியான முகவரிக்கு அனுப்பப்பட்டு, வாங்க மறுத்ததாகத் திரும்பிய தபாலை நீதிமன்றங்கள் பொதுவாகக் கிடைத்ததாகவே எடுத்துக்கொள்ளும். வீட்டுக் கதவில் ஒட்டுவதற்கும் சட்டத்தில் வழியுண்டு. தபாலை வாங்காதவருக்கு ஒரு மாதக் கணக்கு ஓடிக்கொண்டிருப்பதே தெரியாமல் போய்விடும். கையெழுத்துப் போட்டு வாங்குங்கள். உறையின் மேல் வாங்கிய தேதியை எழுதி, உறையையும் பத்திரமாக வையுங்கள். நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்தாலும் அப்படித்தான். போகாமல் இருந்தால் உங்கள் தரப்பைக் கேட்காமலே உத்தரவு ஆகிவிடும்.

உங்கள் குடும்பத்தைப் பொறுத்தவரை இன்னொன்றையும் நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாக்கியைக் கட்டி வீட்டைக் காப்பாற்றிக்கொள்ளும் இந்தச் சலுகையை ஒருமுறை பெற்றவர், அதன் பிறகு ஓர் ஆண்டில் தொடர்ந்து இரண்டு மாதம் வாடகை தவறினால் மறுபடியும் அதைக் கேட்க முடியாது. கிழக்குக் கடற்கரையில் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள். ஏறத்தாழ இரண்டு மாத வாடகைக் காலம் அது. ஆகவே அடுத்த ஏப்ரலுக்குள் ஒரு மாத வாடகையையாவது தனியாக எடுத்து வைத்து, தடைக்காலத்தில் இரண்டு மாதம் சேர்ந்தாற்போல் நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி எப்படிக் கொடுப்பது என்பது. இதுவரை கையில் கொடுத்தது போதும். இனி வங்கிக் கணக்கு வழியாகவோ ஜி-பே வழியாகவோ மட்டும் அனுப்புங்கள். குறிப்பு எழுதும் இடத்தில் 'மே மாத வாடகை', 'ஜூன் மாத வாடகை' என்று மாதத்தின் பெயரைப் போட்டுத் தனித்தனியாக அனுப்பினால், பிறகு இது வாடகை அல்ல, கைமாற்றைத் திருப்பித் தந்தது என்று யாரும் சொல்ல முடியாது. வாடகைக்கு ரசீது பெறுவது உங்கள் உரிமை. வங்கிப் பதிவும் சான்றாகச் செல்லும். அவர் கணக்கு எண்ணைத் தர மறுத்தாலோ, பணத்தை வாங்க மறுத்தாலோ, வாடகையுடன் தயாராக இருக்கிறோம் என்று ஒரு கடிதத்தை ஒப்புகைச் சீட்டுடன் கூடிய தபாலில் அனுப்பிவிட்டு, வாடகை அதிகாரியிடம் மனு செய்து தொகையைக் கட்டலாம். 14-ஆம் பிரிவு அதற்கு வழி செய்கிறது. வாடகை அதிகாரி என்பவர் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வருவாய்த் துறை அலுவலர். உங்கள் தெருவுக்குரிய அலுவலகம் எது என்பதைத் தண்டையார்பேட்டை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

அந்த நோட்டை விட்டுவிடாதீர்கள். அது உங்களிடம் இருந்தால், முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் தேதியும் கையெழுத்தும் தெளிவாகத் தெரியும்படி இன்றே படம் எடுத்து, உறவினர் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். எழுத்து ஒப்பந்தம் இல்லாத உங்களுக்கு, நான்கு ஆண்டுகளாக அங்கே வாடகைதாரராக இருப்பதையும், வாடகை 7,500 ரூபாய்தான் என்பதையும், ஏப்ரல் மாதம் வரை ஒழுங்காகக் கொடுத்து வந்ததையும் ஒருசேரக் காட்டும் ஆவணம் அதுதான். கணக்குப் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்டால் நகலைக் கொடுங்கள். மூலத்தைக் கையை விட்டு விடாதீர்கள். வீட்டுக்காரரிடமே நோட்டு இருக்கிறது என்றால், ஆதாரில் உள்ள முகவரி, கேஸ் இணைப்பு, குழந்தைகளின் பள்ளிப் பதிவு, அட்வான்ஸ் பணத்துக்காக வங்கியிலிருந்து எடுத்த பதிவு ஆகியவற்றைத் திரட்டிக்கொள்ளுங்கள்.

அட்வான்ஸில் கழிப்பதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வடசென்னையில் அனேகமாக எல்லோரும் நம்பும் இந்த வழிக்கு ஒரு பழைய அடிப்படை உண்டு. 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. அப்படி வாங்கிய கூடுதல் தொகையை வாடகை பாக்கியில் ஈடு செய்யலாம் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தச் சட்டமே இப்போது இல்லை. புதிய சட்டத்தில் அட்வான்ஸ் என்பது வீட்டைக் காலி செய்யும்போது, தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டிய பாதுகாப்புத் தொகை. வேறு உடன்படிக்கை இல்லாத நிலையில் அது மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது; உங்கள் கணக்கில் அது 22,500 ரூபாய். நீங்கள் கொடுத்திருப்பது 50,000 என்பதால், கூடுதல் தொகையை ஈடு செய்யும்படி நீதிமன்றத்தில் வாதிட இடமுண்டு. ஆனால் அந்த வாதம் ஏற்கப்படும் என்று நம்பிப் பாக்கியைக் கட்டாமல் இருப்பதை நான் ஒருபோதும் ஆலோசனையாகச் சொல்ல மாட்டேன். வீட்டுக்காரர் மனம் மாறிச் சம்மதித்தால், எந்த மாத வாடகைக்காக எவ்வளவு கழிக்கப்பட்டது, மீதி அட்வான்ஸ் எவ்வளவு என்பதை எழுதி இருவரும் கையெழுத்திட்ட பிறகே அது நடந்ததாகக் கொள்ளுங்கள்.

தண்ணீரை நிறுத்தியது தெளிவான சட்டமீறல். 20-ஆம் பிரிவின்படி, தண்ணீர், மின்சாரம், கழிப்பறை வசதி, மாடிப்படி விளக்கு போன்ற அத்தியாவசிய வசதிகளை உரிமையாளர் தாமாகவோ பிறர் மூலமாகவோ நிறுத்தக் கூடாது. வாடகை பாக்கி இருப்பது அதற்குச் சாக்காகாது. வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்தால், விசாரணை முடியும் வரை காத்திருக்காமல் வசதியை உடனே திருப்பித் தரும்படி இடைக்கால உத்தரவு போடவும், பிறகு இழப்பீடு விதிக்கவும் அவருக்கு அதிகாரம் இருக்கிறது. பூட்டிய மோட்டார் பெட்டி, வறண்ட குழாய், கீழிருந்து குடத்தில் தண்ணீர் தூக்கி வருவது ஆகியவற்றைத் தேதியோடு படம் எடுத்து மனுவுடன் இணையுங்கள். நீங்களாகப் பூட்டை உடைக்க வேண்டாம். அப்படிச் செய்தால் உங்கள் மீது புகார் தரும் வாய்ப்பை அவருக்கு நீங்களே கொடுத்ததாகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை பூட்டுப் போடுவேன் என்று அவர் சொன்னதை எழுதி, முன்கூட்டியே காவல் நிலையத்தில் மனு கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீதான சி.எஸ்.ஆர். காப்பி வாங்கி வையுங்கள். இது சிவில் விவகாரம் என்று சொல்லி அனுப்பிவிடுவதைப் பல நிலையங்களில் காண்கிறோம். வாடகைத் தகராறு சிவில் விவகாரம்தான். ஆனால் மிரட்டுவதும், குடியிருப்பவரின் அனுமதியில்லாமல் வீட்டுக்குள் புகுந்து சாமான்களை எறிவதும் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் கீழ் குற்றங்கள். மனுவில் வாடகைக் கணக்கை விரிக்காமல், என்ன மிரட்டல், எந்தத் தேதி, யார் முன்னிலையில் என்பதை மட்டும் எழுதினால் அந்தப் பதிலுக்கு இடமிருக்காது. பூட்டு போட்டேவிட்டால் 100 அல்லது 112-க்கு அழையுங்கள். சட்ட முறைக்கு மாறாக வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குத் தொடுத்து வீட்டைத் திரும்பப் பெற, 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வழிச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு வழி செய்கிறது. அந்த வழக்கில் வீடு யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கே போக வேண்டியதில்லை.

எழுத்து ஒப்பந்தம் இல்லாதது உங்கள் பலவீனம் என்பதை மறைக்க விரும்பவில்லை. புதிய சட்டம் எல்லா வாடகை உடன்படிக்கைகளும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்கிறது; இருவரும் உடன்படிக்கை செய்துகொள்ளத் தவறியதே வெளியேற்றம் கோருவதற்கான தனிக் காரணமாகவும் அதில் இருக்கிறது. எனவே பாக்கியைத் தீர்த்த கையோடு, இப்போதைய வாடகையிலேயே பதினோரு மாத உடன்படிக்கை ஒன்று போடலாம் என்று நீங்களே எழுத்தில் கேளுங்கள். பதிவு அவருக்கும் நல்லது. நாளை அவர் நீதிமன்றம் போனால் அவருக்கும் அது வேண்டும். மேல் போர்ஷன் வாடகையை வைத்தே மருந்துச் செலவையும் மின் கட்டணத்தையும் சமாளிக்கும் வீட்டுக்காரர்கள் நம் தெருக்களில் ஏராளம். ஜூலை 10-ஆம் தேதி இவ்வளவு, 25-ஆம் தேதி மீதி என்று தேதி போட்டுத் தரும் ஒரு தாளுக்கு அவர்களில் பலர் இறங்கி வருவார்கள். தெருப் பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு முதலில் பேசிப் பாருங்கள்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி, பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. ஆகவே மனுவை உங்கள் பெயரிலேயே கொடுங்கள். 15100 என்ற எண்ணில் அழைக்கலாம், அல்லது உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போகலாம். போகும்போது நோட்டின் நகல், பணம் அனுப்பிய பதிவு, மோட்டார் பெட்டியின் படம், சி.எஸ்.ஆர். காப்பி, ஆதார் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். நோட்டீஸ் ஏதும் வந்திருந்தால் உறையோடு கொண்டு போங்கள்.