பக்கத்து அரசுத் தொடக்கப்பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கலாமா? கடற்கரை ஊர்ப் பெற்றோரின் கேள்விகளும் பதில்களும்

பாம்பனிலிருந்து ஒரு தகப்பன்: சார், பத்தாவதுன்னா ரிசல்ட் இருக்கு, பார்த்துச் சேர்த்துரலாம். அஞ்சாப்பு வரைக்கும் உள்ள பள்ளிக்கூடத்த எதை வச்சு நல்லதுன்னு சொல்றது?

மூன்றாம் வகுப்பை வைத்துத்தான். அங்கே படிக்கிற மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உங்கள் தெருவிலேயே நாலைந்து பேர் இருப்பார்கள். மாலையில் அவர்களிடம் இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பத்தியைக் கொடுத்துப் பாருங்கள். ‘பட்டம்’, ‘மரம்’ எல்லாம் சரளமாக வந்து, ‘தோணி’, ‘கேணி’ வரும்போது தடுமாறினால், பிள்ளை கொம்பு, கால் சேர்ந்த எழுத்துகளைத் தாண்டவில்லை என்று பொருள். ர, ற மாறுவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அது பெரியவர்களுக்கே மாறும்.

கணக்குக்கு ஒரே ஒரு கழித்தல் போதும்: 52 கழித்தல் 27. விடை 25. பிள்ளை 35 என்று எழுதினால், ஒன்றாம் இடத்தில் பெரிய இலக்கமான 7இலிருந்து சின்ன இலக்கமான 2ஐக் கழித்துவிட்டது, கடன் வாங்குவது மனதில் ஏறவில்லை. ஒரு பிள்ளை தவறினால் அது அந்தப் பிள்ளையின் சிக்கல். ஐந்தில் நால்வருக்கு 35 வந்தால் வகுப்பறையில் ஏதோ நடக்கவில்லை.

அடுத்து நோட்டைப் புரட்டுங்கள். எல்லாப் பிள்ளைகளின் நோட்டிலும் ஒரே வாக்கியங்கள் அழகான கையெழுத்தில் இருந்தால், கரும்பலகையைப் பார்த்து எழுதியது. தப்பும் தவறுமாகச் சொந்த வாக்கியம், அதன் மேல் சிவப்பு மையில் திருத்தம், பக்கத்தில் தேதி, இவை இருக்கிற நோட்டுதான் நல்ல நோட்டு.

அவரே: பள்ளிக்கூடத்துக்குள்ள போய்ப் பார்க்க விடுவாங்களா?

தலைமை ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டு போங்கள், பெரும்பாலும் விடுவார்கள். ஆண்டு விழாவன்று போகாதீர்கள். சாதாரணமான ஒரு செவ்வாயோ புதனோ, பத்தரை மணிக்குப் போங்கள். கரும்பலகை ஓரத்தில் ‘பதிவு, வருகை’ என்று இரண்டு எண்கள் இருக்கும். வருகை எண்ணையும் உட்கார்ந்திருக்கிற தலைகளையும் எண்ணி ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் அந்தப் பள்ளி மற்ற பதிவேடுகளையும் ஓரளவு நேர்மையாகவே வைத்திருக்கும்.

ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை எழுத்தையும் கணக்கையும் அடிப்படையிலிருந்து கற்பிக்கிற ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022இல் வந்தது, பின்னர் நான்குக்கும் ஐந்துக்கும் நீட்டித்தார்கள். பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ‘இந்த வகுப்பில் அரும்பில் எத்தனை பேர்?’ என்று ஆசிரியரிடம் கேளுங்கள். பெயரோடு சொன்னால் பிள்ளைகளைத் தெரிந்த ஆசிரியர். ‘எல்லாரும் மலர்தான்’ என்றால் நம்பாதீர்கள்.

மண்டபம் பக்கம் ஒரு தாய்: அண்ணே, எங்க ஊர் ஸ்கூல்ல மொத்தமே 31 பிள்ளைதான், ரெண்டு டீச்சர். வீட்டுக்காரர் வேண்டாங்கிறார்.

கல்வி உரிமைச் சட்டக் கணக்குப்படி சரிதான் அக்கா. 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4. பிள்ளைகள் குறைவு என்பதே குறையாகாது. ஆனால் வகுப்பு ஐந்து, ஆசிரியர் இருவர். வழக்கமாக ஒன்று முதல் மூன்று வரை ஒருவர், நான்கும் ஐந்தும் மற்றவர். முக்கால் மணி நேரப் பாடவேளையை மூன்று வகுப்புக்குப் பங்கிட்டால் ஒன்றுக்குப் பதினைந்து நிமிடம்தான். இதைத் தெரிந்து நடத்துகிற ஆசிரியர், ஒரு வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்கும்போது மற்ற இரண்டுக்கும் கையில் வேலை கொடுத்திருப்பார். தெரியாதவரின் அறையில் இரண்டு வகுப்பு வாய்ப்பாடு கத்திக்கொண்டிருக்கும்.

இன்னொன்றையும் விசாரியுங்கள். இரண்டு ஆசிரியர் என்பது தாளிலா, தரையிலா? ஒருவர் மாற்றுப்பணியில் வேறு பள்ளியில் இருக்கலாம். தலைமை ஆசிரியர் கூட்டத்துக்குப் போனால் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். ‘போன மாதம் எத்தனை நாள் ஒரே ஆசிரியர் இருந்தார்?’ என்று சமையல் செய்கிற அக்காவிடம் பேச்சுவாக்கில் கேட்டால் சரியான பதில் கிடைக்கும். பள்ளிகளின் விவரங்களைத் தொகுக்கிற அரசின் யூடைஸ் இணையதளத்தில் பள்ளியின் 11 இலக்க எண்ணைப் போட்டு ஆசிரியர், மாணவர், வகுப்பறை, கழிப்பறை எண்ணிக்கையைப் பார்க்கலாம். அது ஆண்டுக்கொரு முறை ஏற்றும் கணக்கு, நேரில் பார்ப்பதற்கு ஈடாகாது.

தேவிபட்டினம்: அதே பள்ளியில் இங்கிலீஷ் மீடியமும் இருக்கு. எதுல சேர்க்க?

சின்னப் பள்ளிகளில் இரண்டுக்கும் ஒரே ஆசிரியர், ஒரே அறை, புத்தகம் மட்டும் வேறு. அப்படியென்றால் ஆங்கில வழியால் ஆங்கிலம் கூடுதலாக வந்துவிடாது.

பலர் கவனிக்காத ஒன்று: தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு நேரடி நியமனங்களில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. 2020 திருத்தத்துக்குப் பிறகு அதற்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். ஒன்றாம் வகுப்பில் ஆங்கில வழி போட்டு ஆறாம் வகுப்பில் தமிழ் வழிக்கு மாற்றினால் அந்த வாய்ப்பு போய்விடும். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வேறு கணக்கு. அதற்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் போதும். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கீழக்கரை: கட்டடம் பார்க்கப் பளிச்சுன்னு பெயின்ட் அடிச்சிருக்கு. நம்பலாமா?

நம் கடற்கரையில் பெயின்டை நம்பவே கூடாது. உப்புக் காற்று கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருப்பிடித்த கம்பி பருத்து, மேலே உள்ள காரையைத் தள்ளும். உப்புத் தண்ணீரில் கலவை போட்டிருந்தால் இது இன்னும் சீக்கிரம். ஆகவே சுவரைப் பார்க்காமல் அண்ணாந்து பாருங்கள். சன்ஷேடின் அடிப்பக்கம், உத்தரம், கழிப்பறையை ஒட்டிய மூலை, இந்த மூன்று இடமும் முக்கியம். கம்பி ஓடுகிற திசையில் நேர்க்கோடாக விரிசலோ பழுப்புக் கறையோ இருந்தால் உள்ளே துரு. அங்கங்கே மட்டும் புதுப்பூச்சுத் திட்டுத் திட்டாகத் தெரிந்தால், பெயர்ந்ததை மூடியிருக்கிறார்கள். தூணைக் கட்டையால் தட்டுங்கள். பொத்தென்று ஓசை வந்தால் பூச்சு விட்டிருக்கிறது.

ஓட்டுக் கட்டடம் என்பதற்காக ஒதுக்க வேண்டாம். அதில் துருப்பிடிக்கக் கம்பி குறைவு. ஐப்பசி, கார்த்திகைக் காற்றுக்கு ஓடு நகராமல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. மழை ஓய்ந்த மறுவாரம் போனால் சுவரின் ஈரக்கோடு எந்த உயரம் வரை என்று தெரியும்.

எல்லாவற்றையும்விட ஆபத்து, வளாகத்தில் பூட்டிக் கிடக்கிற பழைய கட்டடம். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்த பிறகுதான் மாநிலம் முழுக்கப் பழுதான கட்டடங்களைக் கணக்கெடுத்து இடித்தார்கள். இன்னும் ஒன்று நின்றால், அதைச் சுற்றி வேலி உண்டா என்று பாருங்கள். இடைவேளையில் பிள்ளைகள் ஒளிந்து விளையாடப் போவது அங்கேதான்.

தொண்டி: தண்ணி, பாத்ரூம்?

இடைவேளை மணி அடிக்கும்போது அங்கே நில்லுங்கள். பெண் பிள்ளைகள் கழிப்பறைக்குப் பூட்டு தொங்கினால், அது கணக்குக்குத்தான் இருக்கிறது. உள்ளே தாழ்ப்பாள், குழாயில் தண்ணீர், இரண்டையும் பாருங்கள். குடிதண்ணீரை ஒரு வாய் குடித்துப் பாருங்கள். காவிரிக் கூட்டுக் குடிநீரா, உப்புக் கிணறா என்று நாக்கு சொல்லிவிடும். காவிரி என்றால், வராத நாளில் என்ன ஏற்பாடு என்றும் கேளுங்கள்.

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தாய்: நான் விடிய முன்ன பாசி எடுக்கப் போயிருவேன். காலைச் சாப்பாடு பள்ளியில் உண்மையிலேயே போடுறாங்களா?

2023 ஆகஸ்டிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் உண்டு. ஒரு பிள்ளைக்கு அரிசியோ ரவையோ 50 கிராம், சாம்பாருக்குப் பருப்பு 15 கிராம் என்று திட்டம் தொடங்கும்போது வகுத்தார்கள். மதியத்தில் வாரம் ஐந்து நாள் முட்டை. காலை எட்டரைக்குப் போய்ப் பாருங்கள். உப்புமா சூடாக இருந்தால் சமையல் நேரத்துக்கு நடக்கிறது. உங்களுக்கு அதைவிட முக்கியம், எட்டு மணிக்குக் கதவைத் திறக்க யார் வருகிறார்கள் என்பது. நெடுஞ்சாலையைப் பிள்ளை தனியாகத் தாண்ட வேண்டுமானால் அதற்கும் முதலிலேயே ஆள் பார்த்துக்கொள்ளுங்கள்.

ராமேஸ்வரம்: கலாம் ஐயா படிச்ச பள்ளின்னா தைரியமா சேர்க்கலாம்ல?

அவர் படித்தது 1930களில். பெருமைப்படுங்கள், பிறகு மூன்றாம் வகுப்பு நோட்டையும் பாருங்கள்.

மூக்கையூர்: திருப்பூர்லேர்ந்து ஐப்பசியில ஊருக்கு வர்றோம். டிசி இன்னும் கொடுக்கல. நடுவுல சேர்ப்பாங்களா?

சேர்க்க வேண்டும். டிசி தாமதம், பிறப்புச் சான்று இல்லை, எதையும் காட்டி மறுக்கச் சட்டத்தில் இடமில்லை. நுழைவுத் தேர்வும் வைக்கக் கூடாது. பழைய பள்ளியில் பிள்ளைக்கு உள்ள எமிஸ் எண் (அரசின் மாணவர் பதிவுத் தளத்தில் உள்ள எண்) தெரிந்தால் கொண்டு வாருங்கள், மாற்றுவது எளிது. ஐந்தாம் வகுப்பு வரை புத்தகம் மூன்று பருவமாக வருவதால், வந்ததும் இரண்டாம் பருவப் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

ஏர்வாடி: சேர்த்தபிறகு சரியில்லன்னு தெரிஞ்சா?

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும். தலைவர் யாரென்று பள்ளியில் கேளுங்கள். பெயர் சொல்லத் திணறினால் குழு தாளில்தான் இருக்கிறது. முதலில் தலைமை ஆசிரியர், பிறகு குழுக் கூட்டத்தில் தீர்மானம், அதற்கும் அசையாவிட்டால் வட்டாரக் கல்வி அலுவலர். 14417 உதவி எண்ணும் உண்டு. ‘பள்ளி சரியில்லை’ என்று மொட்டையாகச் சொன்னால் யாரும் அசைய மாட்டார்கள். ‘இந்தத் தேதியிலிருந்து பெண் பிள்ளைகள் கழிப்பறையில் தண்ணீர் இல்லை’ என்று எழுதி, நகலில் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.