நேட்டிவ் விளம்பர வடிவமைப்பு: கேள்வி பதில்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் கடை, தளம் நடத்தும் நம்மவர்கள் கேட்டவை. கூகுள் ரெஸ்பான்சிவ் விளம்பரம் (இடத்துக்குத் தக்கபடி வடிவம் மாறுவது), செய்தித் தளங்களின் நேட்டிவ் விளம்பரம் (சுற்றியுள்ள செய்திகளின் தோற்றத்திலேயே வருவது) இரண்டையும் கலந்தே கேட்டிருந்தீர்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

அண்ணே, பிரிக்ஃபீல்ட்ஸில் புடவைக் கடை. கேன்வா என்ற வடிவமைப்புத் தளத்தில் செய்த போஸ்டரைக் கூகுள் விளம்பரத்தில் அப்படியே ஏற்றினேன். கைப்பேசியில் விலை பாதி வெட்டுப்பட்டு வருகிறதே?

வரத்தான் செய்யும், தங்கச்சி. இங்கே கேட்பது போஸ்டர் இல்லை, உதிரிகள். படம், தலைப்பு, விவரம், லோகோ என்று தனித்தனியாகக் கொடுத்தால், இடத்துக்குத் தக்கபடி கூகுளே கோத்துக்கொள்ளும். விலை, தள்ளுபடி எதையும் படத்தின் மேல் எழுதாதீர்கள். அதற்குத்தான் தலைப்பும் விவரமும். படம் இரண்டு வேண்டும்: 1200×628 பிக்சல் கிடைமட்டம், 1200×1200 பிக்சல் சதுரம். ஒன்றையே வெட்டி மற்றதாக்க வேண்டாம். சதுரத்துக்கு முந்தானையை மட்டும் கிட்டப்போய் எடுங்கள். கட்டைவிரல் அகலத்தில் மாடலின் முகம் தெரியாது, ஜரிகை தெரியும்.

தலைப்புக்கு 30 எழுத்து என்கிறார்கள். தமிழில் பாதியிலேயே நின்றுவிடுகிறது. — செந்தூல்

கணினி கொம்பு, கால், புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணும். 'தீபாவளிப் புடவைகள் வந்தாச்சு' நம் கணக்கில் 15 எழுத்து. இடைவெளியோடு சேர்த்து கணினிக்கு 28. ஆக மூன்று சொல், அவ்வளவுதான். நீளமாகச் சொல்ல 90 வரை இடம் தரும் நெடுந்தலைப்பும் விவரமும் இருக்கின்றன. ஆனால் குறுந்தலைப்பு விவரம் இல்லாமல் தனியாகவும் வரும். 'இப்போதே வாருங்கள்' என்று மட்டும் எழுதினால், எங்கே வருவது?

நேட்டிவ் விளம்பரத்தில் அடையாளமாக வரும் 'விளம்பரம்' என்ற சொல்லைச் சாம்பல் நிறத்தில் மங்கலாக்கலாமா?

கூடாது. செய்தி என்று நம்பித் தட்டியவர் கடைக்கு வரமாட்டார், எரிச்சலோடு திரும்பிப் போவார்.

ஜார்ஜ்டவுனில் சின்னத் தளம் நடத்துகிறோம், சார். தளத்தில் விளம்பரங்களை நிர்வகிக்கும் கூகுள் ஆட் மேனேஜரில் நேட்டிவ் ஸ்டைல் (விளம்பரத்தின் தோற்றத்தை அமைக்கும் நிரல்) எழுதினேன். கணினியின் அகலத் திரையிலும் ஓரப்பட்டையில் கைப்பேசி வடிவமே வருகிறது.

அது பிழையே இல்லை, தம்பி. விளம்பரம் ஐஃப்ரேமுக்குள், அதாவது பக்கத்துக்குள் பதித்த தனிச் சட்டத்துக்குள் ஓடுகிறது. உங்கள் மீடியா குவெரி (அகலம் பார்த்து வடிவத்தை மாற்றும் விதி) பார்ப்பது திரையை இல்லை, அந்தச் சட்டத்தின் அகலத்தை. 300 பிக்சல் பட்டை என்றால் 300தான். அளவை 'ஃப்ளூயிட்' (இடத்துக்குத் தக்கபடி மாறுவது) என்று வைத்து, திரையை மறந்துவிட்டுப் பட்டைக்கு ஒரு ஸ்டைல், கட்டுரை நடுவே வருவதற்கு ஒரு ஸ்டைல் என்று எழுதுங்கள். அப்புறம், வரி உயரம். ஆங்கிலத்துக்கு வைக்கும், எழுத்தளவைப்போல் 1.2 மடங்கு தமிழுக்கு நெருக்கம். இரண்டு வரியோடு வெட்டும்படி வைத்திருந்தால் 'மூ', 'ழு' எல்லாம் வால் அறுந்து நிற்கும். நான் 1.5 வைப்பேன்.

கேன்வாவில் அளவு மாற்றக் காசு கேட்கிறது. — பட்டர்வொர்த், முறுக்கு வியாபாரம்

கட்டவே வேண்டாம், அக்கா. சதுரத்தில் புதிதாக ஒன்று திறந்து, சதுரத்துக்கென்று எடுத்த படத்தை ஒட்டி, முறுக்கை நடுவில் நகர்த்துங்கள். எழுத்துதான் இல்லையே, ஐந்து நிமிட வேலை.