நர்சரிச் செடியிலிருந்து முதல் போன்சாய்: கேள்வி பதில்

கேள்வி (சென்னை): மொட்டைமாடியில் இடம் இருக்கிறது. படங்களில் பார்த்த ஜூனிபர் என்ற ஊசியிலை மரத்தை முதல் மரமாக வாங்கலாமா?

வேண்டாம். குளிர்காலத்தில் ஓய்வெடுத்துப் பழகிய மரம் அது. உதகை, கொடைக்கானல் போன்ற இடங்களில் முயன்று பார்க்கலாம், கடலோர வெப்பத்தில் அதனுடன் போராட வேண்டியிருக்கும். மேலும், வேர் செத்த பிறகும் ஜூனிபர் பல வாரங்கள் பச்சையாகவே நிற்கும் என்பதால், தவறு எந்த நாளில் நேர்ந்தது என்பதைப் புதியவரால் கண்டுபிடிக்கவே முடியாது. ஆல், அரசு வகையைச் சேர்ந்த சிற்றிலை ஃபைகஸ் (மைக்ரோகார்ப்பா இனம்) வாங்குங்கள். கிளையை வெட்டினாலும் வேரை வெட்டினாலும் அது மீண்டும் துளிர்க்கும். காகிதப்பூ, புளி, கொடுக்காப்புளி, கார்மோனா எனப்படும் குரங்கு வெற்றிலை ஆகியவையும் நம் வெயிலுக்கு ஏற்றவை.

கேள்வி (மதுரை): நர்சரியில் ஒரே வகையில் ஐம்பது செடிகள் வரிசையாக நிற்கின்றன. எதை எடுப்பது என்று எப்படித் தீர்மானிப்பது?

இலையைப் பார்க்காதீர்கள், அடிமரத்தைப் பாருங்கள். இலையும் கிளையும் சில மாதங்களில் மாறிவிடும், அடிமரத்தின் வடிவம் மாறப் பல ஆண்டுகள் ஆகும். நர்சரிகளில் சிறு கவரிலிருந்து பெரிய கவருக்கு மாற்றும்போது தண்டைச் சற்று ஆழமாகப் புதைத்துவிடுவது வழக்கம். ஆகவே கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, மேல்மண்ணை விரலால் இரண்டு அங்குலம் விலக்கிப் பாருங்கள். ஜப்பானியர் நெபாரி என்று அழைக்கும் மேல்வேர் விரிவு, தண்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் பரவியிருந்தால் அந்தச் செடியைத் தனியே எடுத்து வையுங்கள். ஒரே பக்கம் வேரோடியிருந்தாலோ, ஒரு தடித்த வேர் தண்டையே சுற்றி இறுக்கியிருந்தாலோ விட்டுவிடுங்கள்.

அடுத்து, தண்டு கீழே தடித்து மேலே போகப்போக மெலிகிறதா என்றும், தாழ்வான இடத்தில் கிளைகள் உள்ளனவா என்றும் கவனியுங்கள். தாழ்ந்த கிளை இருந்தால், அதற்கு மேலே உள்ள தண்டை வெட்டிவிட்டு அந்தக் கிளையையே புதிய உச்சியாக்கலாம். மரத்துக்கு முதுமைத் தோற்றம் தரும் மெலிவு அப்படித்தான் உருவாகிறது. ஓரத்தில் கவனிப்பாரின்றி, முறிந்து, கோணலாகக் கிடக்கும் செடியைத்தான் நான் முதலில் தேடுவேன், விலையும் குறைவாக இருக்கும். மாவுப்பூச்சி அப்பியிருந்தால் மட்டும் தொட வேண்டாம்.

கேள்வி (கோவை): கிழங்கு போன்ற தடித்த அடியுடன் "ஜின்செங் ஃபைகஸ்" வாங்கிவிட்டேன். இதைப் போன்சாய் ஆக்க முடியுமா?

பழகுவதற்கு ஏற்ற செடிதான். அந்தக் கிழங்கு போன்ற பகுதி உண்மையில் பருத்த வேர். மேலே உள்ள சிற்றிலைக் கிளைகள் பெரும்பாலும் ஒட்டுக் கட்டப்பட்டவை. ஒட்டுக்குக் கீழிருந்து பெரிய இலையுடன் வரும் தளிர்களை உடனே கிள்ளிவிடுங்கள். அடியின் வடிவம் மாறும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி (திருச்சி): வாங்கிய அன்றே கவாத்து செய்து, வேரைப் பாதியாகக் குறைத்து, கிளைகளை வளைக்கக் கம்பி சுற்றி, தட்டையான தொட்டியில் வைத்தேன். ஒரு வாரமாக இலை உதிர்கிறது. உரம் போடலாமா?

உரம் போடவே கூடாது. வெட்டுண்ட வேரை அது எரித்துவிடும். புதிய வேர் விடத் தேவையான உணவை இலைதான் தயாரிக்கிறது. இலை, வேர் இரண்டையும் ஒரே நாளில் குறைத்துவிட்டால் மரம் எதைக் கொண்டு மீளும்? நிழலில், காற்றில் ஆடாமல் வைத்து, மேல்மண் காயத் தொடங்கும்போது மட்டும் நீர் ஊற்றுங்கள். தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டினால் உள்ளே பச்சை தெரிகிறதா? தெரிந்தால் நம்பிக்கை உண்டு, ஃபைகஸாக இருந்தால் இன்னும் அதிகம்.

மற்றவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்: ஒரு பருவத்துக்கு ஒரு பெரிய வேலை போதும். செடி புது இடத்துக்குப் பழகியபின் கவாத்து. புதுத் துளிர் முற்றியபின் கம்பி. அடுத்த பருவத்தில் வேர் வேலை. வேரைத் தொடுவதற்கு மாசி மாதமோ, கோடை தணிந்த ஆடி, ஆவணியோ நல்லது. கத்திரி வெயிலில் கூடாது.

கேள்வி (சேலம்): கம்பி சுற்றினால் தண்டில் தழும்பு விழுகிறதே?

அதிக நாள் விட்டுவைத்திருப்பீர்கள். கிளையின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு தடிமனுள்ள அலுமினியக் கம்பியை, சுமார் 45 பாகைச் சாய்வில் சுற்றுங்கள். மழைக்காலத்தில் ஃபைகஸ் வேகமாகப் பருக்கும் என்பதால் வாரந்தோறும் பார்த்து, அழுந்தத் தொடங்கியதும் துண்டு துண்டாக வெட்டி எடுங்கள். பிரித்துச் சுழற்றினால் கிளை ஒடியும். காகிதப்பூவின் முற்றிய கிளை வளையாது, இளந்தண்டிலேயே வளைத்துவிட வேண்டும்.

கேள்வி (யாழ்ப்பாணம்): அகடாமா என்ற ஜப்பானியப் போன்சாய் மண் இங்கே கிடைப்பதில்லை. செம்மண்ணிலேயே வைக்கலாமா?

தனிச் செம்மண் ஆழமற்ற தொட்டியில் இறுகி, நீரைத் தேக்கி, வேரை அழுகச் செய்யும். ஜப்பானிலிருந்து எதையும் வரவழைக்க வேண்டியதில்லை. செங்கல்லை உடைத்துச் சலித்து, 2 முதல் 5 மில்லிமீட்டர் வரையுள்ள துகள்களை மட்டும் எடுத்து, தூளை நீக்கிவிடுங்கள். அதனுடன் பருமணலும் சிறிதளவு மட்கிய இலையுரமும் கலந்தால் போதும். இக்கலவை விரைவில் காயும் என்பதால், கோடையில் காலையும் மாலையும் நீர் தேவைப்படும்.

கேள்வி (தஞ்சாவூர்): மாமரத்தைப் போன்சாய் ஆக்கினால் காயும் சிறியதாகுமா?

ஆகாது. இலை ஓரளவு சிறுக்கும், பூவும் காயும் தம் இயல்பான அளவிலேயே வரும். புளியின் சிற்றிலை இதற்கு எவ்வளவோ பொருத்தம்.

கேள்வி (சென்னை): முதலில் கேட்டவன்தான். அழகான பீங்கான் தட்டு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். எப்போது மாற்றலாம்?

தண்டு நீங்கள் விரும்பும் தடிமனை எட்டிய பிறகு. சிறு தொட்டிக்குப் போனதும் தண்டு பருப்பது ஏறக்குறைய நின்றுவிடும். அதுவரை அகலமான தொட்டியில், நல்ல வெயிலில், மேல்கிளை ஒன்றை வெட்டாமல் ஓடவிடுங்கள். அது வளர வளர அடிமரம் பருக்கும், வேலை முடிந்ததும் அக்கிளையை நீக்கிவிடலாம். மாற்றும் நாளில் தட்டின் துளைகளுக்கு வலை வைத்து, அவற்றின் வழியே கம்பி விட்டு வேர்க்கட்டை ஆடாமல் கட்டுங்கள். ஆடும் மரத்தில் புதுவேர் அறுந்துகொண்டே இருக்கும். தட்டின் நீளம் மர உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கும், ஆழம் அடித்தண்டின் தடிமன் அளவும் இருப்பது பொது வழக்கு. உங்கள் தட்டில் வடிதுளை இருக்கிறதா என்று இப்போதே கவிழ்த்துப் பாருங்கள்.